இரண்டாவது சதைத் துண்டு

பெற்ற பிள்ளையின் தொடையில் பட்டாணி அளவு சதையை வெட்டி எடுத்துவிட்டு, அதைக் காணோம் என்று சொன்னால் சும்மா இருப்பீர்களா?

காலை 11.20. ஆய்வுக்கூட உறைபெட்டியில் அந்தச் சதைத் துண்டு வைத்த குழாய் இருந்த இடம் காலி. மருந்துக் கம்பெனி ஆட்கள் அதை மறுபடி சோதிக்க வரும் நாள்.

"இவதான் எடுத்திருப்பா. சாவி இவகிட்டயும் இருக்கு," என்று ஆய்வுக்கூடப் பெண்ணைக் காட்டினார் டாக்டர். வாயில் பிஸ்கட். சதை அறுக்கும் மேசையெல்லாம் துகள். விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்து தள்ளி நின்றார்.

"எடுத்து என்ன சார் பண்ணப்போறேன்? கழுத்துல கோத்துப் போட்டுக்கவா?" என்றாள் அந்தப் பெண்.

சுவரில் நுண்ணோக்கியில் ஒரே அளவில் பெரிதாக்கிய இரண்டு தசைப் படங்கள். டாக்டர் விளக்கினார்.

"தசை நாரோட உறையை உள்ளேருந்து தாங்குற புரதம், டிஸ்ட்ரோஃபின். பையனுக்கு அது இல்ல. அசைஞ்சா நார் கிழியுது. முதல் படம் கம்பெனியோட புது ஊசியைப் போடறதுக்கு முன்னாடி. இது ரெண்டு மாசம் கழிச்சு. பாதி நாரைச் சுத்தி பச்சை வளையம் பாருங்க. புரதம் வந்துடுச்சு!"

இன்ஸ்பெக்டர் வளையத்தைப் பார்க்கவில்லை. நார்களைப் பார்த்தார். இரண்டாவது படத்தில் ஒவ்வொன்றும் இருமடங்கு பருமன்.

வெளியே பெஞ்சில் பையனின் அம்மா. மடியில் ஆறு வயது மகன். ஒரு காலை நீட்டியிருந்தாள்.

"கால்ல என்னம்மா?"

"சுளுக்குங்க." கணுக்காலைக் காட்டினாள். இன்னொரு கை தொடையைப் பொத்தியிருந்தது. "எம்புள்ள படி ஏறிடுவான்ல மேடம்?"

இன்ஸ்பெக்டர் தொடையிலிருந்த கையைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அம்மா மகனைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி பின்னால் வந்தாள்.

"ஏம்மா, இப்படிப் பாதி நார்ல மட்டும் புரதம் வேற யாருக்கு இருக்கும்?" என்று ஆய்வுக்கூடப் பெண்ணைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவள் தயங்கினாள். "பையனுக்கு இந்த நோயைக் கொடுத்த தாய்க்கு, அவங்களுக்கு நோய் வெளிய தெரியாமலே, இருக்கலாம்."

"ஆறு வயசு நார் ரெண்டே மாசத்துல பெரியவங்க நாராத் தடிக்காது டாக்டர். இது அவனோட அம்மா சதை. கம்பெனிக்காரங்க சோதிச்சா குட்டு உடைஞ்சிடும்னு குழாயை நீங்களே ஒழிச்சிட்டு, பழியை இந்தப் பொண்ணு தலையில கட்டினீங்க."

டாக்டர் மெல்லுவது நின்றது. "ஒப்பிட்டுப் பாக்கணும்னு கேட்டேன். அவளே கொடுத்தா."

"வெளிய சொல்லக் கூடாதுன்னீங்களே சார்," என்றாள் அம்மா.

"பையனோட நிஜத் துண்டு?"

"அதுல ஒண்ணுமே வரல. தூக்கிப் போட்டுட்டேன்." சட்டையிலிருந்த துகளைத் தட்டிவிட்டார்.

"சீ! நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்போ ஊசி?" என்றாள் அம்மா.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "வேலை செய்யலம்மா."

மறுநாள் காலை, ஊசி போடும் நேரத்துக்கு, அவள் மகனைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டிய ஊசி அறைக்கு எதிரே உட்கார்ந்தாள்.