குங்குமம் வைத்த ஹார்ட் டிஸ்க்

"தென்னரசுதான் சார். சாயப்பட்டறைக்காரங்ககிட்ட விலை போயிட்டான்!" துப்பறிவாளர் விருத்தாசலத்தின் விழுப்புரம் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே லூர்துமேரி அழுதுவிட்டார்.

திண்டிவனத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் நடத்துகிறவர். வல்லம் பக்கத்துக் கிணறுகளைச் சாயப்பட்டறை கெடுத்ததற்குப் பதினோரு வருட ஆதாரம் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. திங்கட்கிழமை கோர்ட்டில் கொடுக்க வேண்டும். பழைய லினக்ஸ் பெட்டி கெட்டுப்போய்க் காயலான் கடைக்குப் போய்விட்டது. கூடத்தில் வேலை பார்த்த வல்லத்துப் பையன் தென்னரசு தினமும் எடுத்துவைத்த பேக்கப்பைப் புது விண்டோஸ் பெட்டியில் திறந்தால் ஒன்றுமே இல்லை. அன்றே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

"போலீசுக்குப் போயிடலாம் சார்!" என்றாள் அஸ்வினி. விருத்தாசலத்தின் உதவியாளரான அவளுக்கு எந்தக் கேஸிலும் ஐந்து நிமிடத்தில் குற்றவாளி கிடைத்துவிடுவான்.

விருத்தாசலம் திண்டிவனத்துக்குக் கிளம்பினார். தென்னரசுவையும் வரச் சொன்னார். அவன் ஒரு துணிப்பையோடு வந்து ஓரமாக நின்றான்.

"பேக்கப் எடுக்க எவ்ளோ நேரம் ஆவும் தம்பி?"

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும் சார்."

"பதினோரு வருஷத்து டேட்டாவா? பொய்!" அஸ்வினி துள்ளினாள்.

விருத்தாசலம் சுவரில் மாட்டியிருந்த, ஆயுத பூஜையன்று எடுத்த போட்டோவைப் பார்த்தார். பழைய பெட்டிக்குப் பொட்டு. பக்கத்தில் ஒயரோடு ஒரு கறுப்பு டிஸ்க், அதற்கும் பொட்டு.

"இந்த டிஸ்க் இப்ப எங்க இருக்குதும்மா?"

"ஆறு வருஷம் முன்னாடி இடம் பத்தலன்னு கம்ப்யூட்டர்காரர் மாட்டுனது சார். காலியாத்தான் இருந்துது. தங்கச்சி பொண்ணு வளைகாப்பு வீடியோ ஏத்தி வெச்சிக்கினு இருக்கேன்." அலமாரியிலிருந்து எடுத்துவந்தார். குங்குமம் இன்னும் அழியவில்லை.

"புதுப் பெட்டியில செருகினப்ப என்னா கேட்டுது?"

"படிக்க முடியல, ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்டுது. சரின்னு அழுத்தினேன்."



"அந்தக் கம்ப்யூட்டர்காரர் டேட்டா முழுக்க இதுல மாத்திட்டார்," என்றார் விருத்தாசலம் மெதுவாக. "பழைய இடத்துல வெறும் சிம்பாலிக் லிங்க். கடைய மாத்தினா பூட்டின கதவுல 'அங்க இருக்கோம்'னு சீட்டு ஒட்டுவாங்களே, அந்த மாதிரி. தம்பி தெரியாம அந்தச் சீட்டத்தான் தினமும் காப்பி பண்ணிக்கினு இருந்திருக்கான். அதான் அவ்ளோ ஜல்தி. லினக்ஸ் டிஸ்க்க விண்டோஸ் படிக்காதும்மா. படிக்க முடியலன்னா காலின்னு அர்த்தம் இல்ல."

"மீட்க முடியாதா சார்?" என்றார் லூர்துமேரி.

"வீடியோ எவ்ளோ?"

"மூணு கேமரா... டிஸ்க் நெறய."

"அப்ப பழசு மேலயே வீடியோ எழுதியாச்சு. முடியாதும்மா."

லூர்துமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தென்னரசுவை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அஸ்வினிக்கும்தான்.

தென்னரசு துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"எங்க ஊரு கெணத்துல இன்னிக்கு மொண்டது மேடம். வேலய விட்டு நிறுத்தினாலும் வாராவாரம் எடுக்கற சாம்பிள் தவறக் கூடாதுன்னு கொண்டாந்தேன்," என்றான். "இனிமே நம்மகிட்ட இது ஒண்ணுதான் இருக்குது."