பத்து நிமிடம் கிட்டத்தில் ஒரு கூடு

"அந்த ஆளு ஏமாத்தினதை நாலு மணிக்குள்ள நிரூபிக்கணுமாம்! இல்லாட்டி மேடையேறி அந்த ஆளுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு புறாச் சங்கத்தை விட்டே போயிடணுமாம். யாரு? நானு!"

கதவைத் தட்டாமலே உள்ளே வந்த லுட்கார்ட், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி அன்செல்மின் மேசையை ஓங்கி அறைந்தாள். அவருடைய நண்பர் காமியேல் ஆவலோடு குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஆத்திரப்படாம சொல்லும்மா," என்றார் அன்செல்ம்.

"படுவேன்!"

ஆத்திரப்பட்டுக்கொண்டேதான் சொன்னாள். தெற்கே இருக்கும் ஓர்லியானிலிருந்து கெண்ட் வரை, முந்நூற்று எழுபத்து நான்கு கிலோமீட்டர் புறாப் பந்தயம். காலை ஏழு மணிக்கு அங்கே கூடைகளைத் திறந்துவிட்டார்கள். லுட்கார்டின் புறா பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஊருக்கு மேலே வந்துவிட்டது. ஆனால் திருவிழா நாளாயிற்றே! பேண்டு வாத்தியக்காரர்கள் பன்னிரண்டேகால் வரை அவள் தெருவிலேயே நின்று வெளுத்து வாங்கினார்கள். மிரண்டுபோன புறா அவர்கள் நகர்ந்த பிறகுதான் கூட்டில் இறங்கியது. சங்கத் தலைவர் பொலிடோரோ, புறா கூட்டில் இறங்கியதும் நேரம் பதியும் தன் பந்தயக் கடிகாரத்தில் 12.04 என்று பதிந்திருந்தார்.

"ரெண்டு வீடு தள்ளி இருக்கற அவரு புறா மட்டும் எப்படி இறங்குச்சு? அதுக்கென்ன காது செவிடா? கேட்டா எனக்குப் பொறாமையாம்!"

"அவருக்குத் தெற்குப் பக்கம் உறவுக்காரங்க யாராவது உண்டா?"

காமியேல் முந்திக்கொண்டார். "மகளைக் கட்டிக் குடுத்த பண்ணை இருக்கே! பன்னிரண்டு கிலோமீட்டர்."

சங்கம் கூடும் மதுக்கடையில் ஊரே திரண்டிருந்தது. வென்ற புறா கூண்டுக்குள் இருந்தது. கூண்டுக்கு மாலை வேறு.

"வாழ்த்துகள் தலைவரே," என்றார் அன்செல்ம். "எப்படி இறங்குச்சு? கொஞ்சம் சொல்லுங்களேன்."

இந்தக் கேள்வியைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டிருக்கிற புறாக்காரன் அந்தச் சீமையிலேயே கிடையாது. பொலிடோரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதை ஏன் கேக்கறீங்க! எங்கயும் ஒரு சத்தமில்லை. அது சிறகை மடக்கற ஓசைகூட என் காதுல விழுந்துச்சு."

"பேண்டு வாத்தியத்துக்கு நடுவுலயா?"

பொலிடோர் கூண்டின் மாலையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"இதுல பொய்யில்லை. பார்த்ததைத்தான் சொன்னீங்க," என்றார் அன்செல்ம். "பார்த்த இடம்தான் உங்க வீடு இல்லை, மகளோட பண்ணை. தூரத்தை உங்க வீடு வரைக்கும் அளந்து வேகக் கணக்குப் போட்டாங்க. ஆனா புறாவோட கூடு பண்ணையில; பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாடியே இறங்கிடுச்சு. பத்து நிமிஷம் உங்களுக்கு மிச்சம்."

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க! ஆதாரம் எங்க?"

"கூண்டைத் திறங்க, அது தன் கூட்டுக்குத்தான் போகும். உங்க வீடு பக்கத்துத் தெருதானே?"

"இப்பவா? இருட்டப் போகுதே..."

ஜூன் மாதம், மாலை நாலு மணி! லுட்கார்டுக்கு ரத்தம் கொதித்தது. கூண்டை முற்றத்துக்குத் தூக்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். புறா ஒரே ஒரு வட்டம் போட்டது. பிறகு தெற்கே பறந்தது.

"காத்து இழுத்துட்டுப் போகுது," என்று முனகினார் பொலிடோர்.

"வெக்கமாயில்ல? முந்நூத்தி அறுபது கிலோமீட்டர் அது நேர்மையா பறந்திருக்கு. மிச்சத்தை நீங்க திருடிட்டு, என்னைய மன்னிப்புக் கேக்கச் சொல்றீங்களா?"

எல்லோரும் கடைக்குள் திரும்பியதும் அன்செல்ம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. பத்து நிமிடம் கழிந்ததும் மேசைமேல் பொலிடோரின் கைப்பேசி அலறியது. அவர் கை நீளுமுன் லுட்கார்ட் எடுத்து ஒலிபெருக்கியை அமுக்கினாள்.

மருமகனின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "மாமா! உங்க புறா மறுபடியும் நம்ம கூட்டுக்கே வந்துடுச்சு. கடிகாரத்தைக் கையோட கொண்டு போயிட்டீங்களே, இப்ப நான் எதுல பதியறது?"