பேயார் கேட்ட கேள்வி

செத்துப்போன மனிதர் காலை பத்து மணிக்கு வந்து பேசுவாரா? பேய்க்கென்று ஒரு நேரங்காலம் வேண்டாமா? ஆனால் அன்றைக்கு அப்படித்தான் நடந்தது. சுள்ளென்று வெயில். கீழே துணிக்கடையில் ஷட்டர் தூக்கும் சத்தம். மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து கதை படித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். யாருக்கோ பதில் சொன்னாள். அப்புறம் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தாள். மேஜை விளிம்பில் பட்டு நெற்றி கிழிந்தது.

அவளைக் கதைக்காரி என்பார்கள். பேய், மர்மம், காதல் மூன்றையும் கலந்துகட்டி வாரம் ஒரு கதை வெளியிடும் கூடம் அது. அவள் குரலை போனில் கேட்டால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் உண்டு. கேட்டதால் தூக்கம் போச்சு என்பவர்களும் உண்டு. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெளியாள் இல்லை, அதே கூடத்தில் ஒலியை வெட்டி ஒட்டுகிறவன். பட்டப்பெயர் கத்திரி. சம்பந்தம் பேசி முடித்தது அவளுடைய அக்கா. அக்கா போலீஸ் இன்ஸ்பெக்டர். ஊரையே கேள்வி கேட்பவள், தங்கையிடம் மட்டும் ‘உனக்குச் சம்மதமா?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டு முடித்ததும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னடி ஆச்சு?”

“அவர் பேசினார் அக்கா.”

“யாரு?”

“பேயார்.”

உயிரோடு இருந்தபோதே அவருக்கு அந்தப் பெயர்தான். எந்தக் கதையானாலும் பேய் வேஷம் அவர் குரலுக்குத்தான். அவருக்கும் கதைக்காரிக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. கல்யாணப் பேச்சு எடுக்கலாம் என்று இருந்தபோது மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அது போன வருஷம்.

“என்ன சொன்னாரு?”

“‘வாயாடி, என்னை மறந்துட்டியா?’ன்னு கேட்டாரு. வாயாடின்னு என்னை அவர் மட்டும்தான் கூப்பிடுவாரு.”

“நீ படிக்கும்போது குறுக்க பேசினாரா?”

“இல்ல. ஒரு வரியை முடிச்சு மூச்சு வாங்க நிறுத்தினேன். அதுக்குன்னே காத்திருந்த மாதிரி கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

தங்கை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “விடுக்கா. வெளிய சொல்ல வெக்கமா இருக்கு. கல்யாணத்தை நிறுத்திடு. செத்தவரை அழ வெச்சிட்டு நான் மாலை மாத்திக்க மாட்டேன்.”

“பேயாவது பிசாசாவது!” அக்கா எழுந்தாள். “எவனோ உன்கூட விளையாடியிருக்கான். கையைக் காலை உடைச்சாவது கொண்டுவரேன்.”

பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் கூடத்தின் படியேறினாள். முதலாளி அங்கே வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். சம்பவ நேரத்தில் பதிவு இயந்திரத்தின் முன்னால் இருந்தவர் அவர்தான்.

“நான் எதையும் தொடல மேடம். என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

“பதிவைப் போடுங்க.”

ஓடியது. கதைக்காரி ஒரு வரி படிக்கிறாள். சின்ன இடைவெளி. பிறகு அவள் குரலே, ஆனால் கதைக்கான குரல் இல்லை: “மறக்கல. ஒரு நாளும் மறக்கல...” அத்தோடு முடிந்தது.

“பேய் கேட்ட கேள்வி எங்கே?”

“அதுதான் மேடம் பயமா இருக்கு. மைக்ல அவ குரல் மட்டும்தான் பதியும். கேள்வி பதியவே இல்ல.”

“பதில் பாதியில நிக்குதே?”

“அவ முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பதறிடுச்சு. நிறுத்திட்டேன். அப்புறமும் வாய் அசைஞ்சுது. கண்ணாடிக்கு வெளிய சத்தம் வராது.”

“எதையும் தொடலன்னீங்க?”

“நிறுத்தற பட்டனை மட்டும்...” என்று அசடு வழிந்தார்.

“அவ ஹெட்போன்ல அப்ப என்ன ஓடிச்சு?”

“பின்னணி இசை மேடம். கத்திரி முந்தின நாளே தயார் பண்ணிக் குடுத்துடுவான். அதைக் காதுல கேட்டுக்கிட்டேதான் படிப்பா. அப்பத்தான் வேகம் பிசகாது.”

கத்திரி மூலையில் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. கேட்காமலே வந்து அந்த இசையைப் போட்டுக் காட்டினான். வயலின், காற்று, தூரத்தில் ஒரு நாய். மனிதக் குரல் மருந்துக்கும் இல்லை.

“நீங்க எங்க இருந்தீங்க தம்பி?”

“பத்திரிகை அச்சடிக்கற இடத்துல அக்கா. நம்ம கல்யாணப் பத்திரிகை. முதலாளி போன் பண்ணினதும் ஓடி வந்தேன்.”

“பொறுப்பான பிள்ளை மேடம்,” என்றார் முதலாளி. “வந்ததும் மெஷின்ல உக்காந்து எல்லாத்தையும் பத்திரப்படுத்திட்டுத்தான் நிமிர்ந்தான். நானும் சின்னவனும் அவளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.”

“சின்னவன் யாரு?”

பேயாரின் தம்பி. அண்ணன் போன பிறகு பேய் வேஷத்துக்குக் குரல் கொடுப்பவன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அண்ணனேதான். அன்று காலை அவன் உட்கார்ந்திருந்தது பக்கத்துச் சின்ன அறையில். அங்கே மேஜைமேல் ஒரு மைக் இருந்தது. அதில் பேசினால் நேரே கதைக்காரியின் ஹெட்போனில் கேட்கும். பதிவில் விழாது.

இன்ஸ்பெக்டருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

“உங்க அண்ணன் கட்டிக்க இருந்த பொண்ணு இன்னொருத்தனைக் கட்டிக்கறா. வயித்தெரிச்சல். அப்படித்தானே?”

“இல்லங்க. எங்க அண்ணி எங்கயாச்சும் நல்லா இருக்கணும்னுதான்...”

“அண்ணியா? இன்னும் என்னடா அண்ணி?”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் சொன்ன பழமொழி இல்லை. சட்டையைப் பிடித்து அவனைப் படியில் இறக்கினாள். துணிக்கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி போனில் படம்கூட எடுத்தாள். மாடியில் கத்திரி ஜன்னலோரம் நின்று அத்தனையும் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

மாலை ஆறு மணி. ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, பேய் கேட்ட கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லி விசாரித்தும் சின்னவன் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா அவனை வீட்டுக்கே கூட்டி வந்து தங்கையின் கட்டில் முன்னால் நிறுத்தினாள்.

“காலையில பேசினதை இங்க பேசு. அவ காதால கேக்கட்டும்.”

“வேண்டாங்க. அண்ணி முன்னாடி அந்தக் குரல்ல பேச எனக்கு நா கூசுது.”

“பேசுடா!”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று மூச்சை இழுத்தான். அண்ணன் குரலில் சொன்னான்: “வாயாடி, என்னை மறந்துட்டியா?” சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான்.

கதைக்காரி எழுந்து உட்கார்ந்தாள். “அவனை விடுக்கா. இவன் இல்ல.”

“எப்படிச் சொல்ற? அச்சு அசல் அதே குரல்தானே?”

“குரல் அதேதான். ஆனா அவர் பேசறதுக்கு முன்னாடி ஸ்ஸுன்னு மூச்சு இழுப்பாரு. நாங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். தம்பிக்கும் அந்தப் பழக்கம் இருக்கு, இப்பக் கேட்டியே. காலையில அது இல்ல. மூச்சே இல்லாம வெறும் பேச்சா வந்துது. அதனாலதான் நான் நம்பிட்டேன். செத்தவருக்கு மூச்சு ஏது?”

அக்காவுக்கு என்னவோ உறுத்தியது. சின்னவனை வீட்டுக்குப் போகச் சொன்னாள். ‘மன்னிச்சுக்கோ’ என்று மட்டும் சொல்லவில்லை. அவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான்.

பிறகு கூடத்தின் பழைய கதைகளை போனில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். தங்கையின் கதைகளை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்கக் கேட்க முகம் மாறியது. எல்லாரும் பேசுகிறார்கள், அழுகிறார்கள், கொஞ்சுகிறார்கள். ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்தாள். தலையில் கட்டோடு தங்கையும் வந்திருந்தாள். சின்னவனை நாற்காலியில் உட்காரச் சொன்னபோது இன்ஸ்பெக்டரின் குரல் தாழ்ந்திருந்தது.

“பேசினது பேயாரோட குரல்தான்,” என்று ஆரம்பித்தாள். “ஆனா பேய் இல்ல, தம்பியும் இல்ல. உயிரோட இருக்கறவன் மூச்சு இழுக்காம பேச முடியாது. அந்தக் குடும்பத்துக் குரல்ல அந்த ‘ஸ்ஸ்’ இல்லாம வராது. அப்ப அது பழைய பதிவுலேருந்து எடுத்து ஒட்டின குரல். ‘என்னை மறந்துட்டியா?’ன்னு இங்க எந்தப் பேய்தான் கேக்கல? ‘வாயாடி’ங்கறது பதிவுக்கு நடுவுல இவளைக் கிண்டலடிச்சப்ப பதிஞ்சிருக்கும். ஆனா மூச்சை எதுக்கு வெட்டணும்? விட்டிருந்தா இன்னும் அசலா இருந்திருக்குமே? வெட்டணும்னு நினைச்சு வெட்டல. கை தானா வெட்டிடுச்சு. வருஷக்கணக்கா எல்லார் மூச்சையும் வெட்டிப் பழகின கை.”

யாரும் கத்திரியைப் பார்க்கவில்லை. பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“பின்னணி இசையிலதான் ஒட்டியிருக்கீங்க. நீங்க இங்க இருக்க வேண்டிய அவசியமே இல்ல. இவ எந்த வரிக்கு அப்புறம் மூச்சு வாங்குவா, எவ்வளவு நேரம் வாங்குவா, அது உங்களுக்கு அத்துப்படி. அந்த இடத்துல சரியா கேள்வி விழுந்துது. அப்புறம் ஓடி வந்தீங்க. கட்டிக்கப் போறவ ரத்தம் வழிய கிடக்கா. நீங்க மெஷின்ல போய் உக்காந்தீங்க. நேத்தே அது எனக்கு உறைச்சிருக்கணும். பொறுப்புன்னு இவர் சொன்னாரு, நானும் நம்பினேன். குரல் இருந்த இசையை எடுத்துட்டு வேற வெச்சிட்டீங்க.”

முதலாளி வாயைப் பிளந்தார். “ஏன்டா? உன் கல்யாணத்தை நீயேவா நிறுத்துவ?”

கத்திரி எழுந்து நின்றான். மறுக்கவில்லை. “நிறுத்த இல்ல சார். தெரிஞ்சுக்க.” இன்ஸ்பெக்டரைக் காட்டினான். “அக்கா வந்து சம்மதம்னு சொன்னாங்க. இவ ஒண்ணும் சொல்லல. என்கூட சிரிச்சுப் பேசுவா, மனசுல அவர் இருக்காரோன்னு அரிச்சுக்கிட்டே இருந்துது. நான் கேட்டா என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லுவா. அவர் கேட்டா நிஜம் சொல்லுவான்னு... கேவலம்தான். விழுவான்னு சத்தியமா நினைக்கல.”

“கேட்டீங்களா என் பதிலை?” என்றாள் கதைக்காரி.

“கேட்டேன். ஒரு நாளும் மறக்கலன்னு.” அவன் சின்னவன் பக்கம் திரும்பினான். “அதைக் கேட்டதுக்கு அப்புறம் எனக்கு வாயே வரல. உன்னை இழுத்துட்டுப் போறப்பகூட.”

சின்னவன் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

“என்கிட்ட கேக்காம சம்பந்தம் பேசினது எங்க அக்கா,” என்றாள் கதைக்காரி. அக்கா தலையைக் குனிந்தாள். போலீஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “ஆனா நான் வேண்டாம்னு சொல்லலையே? முதலாளி பாதியில நிறுத்திட்டாரு. மீதியை ஒருத்தரும் கேக்கல. சொல்லட்டுமா? ‘மறக்கல. ஒரு நாளும் மறக்கல. ஆனா இவரை எனக்குப் பிடிச்சுப் போச்சு. கோவிச்சுக்காதீங்க. சிரிச்ச முகமா என்னை அனுப்பி வையுங்க.’ அதான் சொன்னேன். செத்தவர்கிட்ட கெஞ்சினேன். சொல்லி முடிச்சப்ப பதிலே வரல. கோவிச்சுக்கிட்டாருன்னு நினைச்சுத்தான் மயக்கம் வந்துது.”

கத்திரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“தனியா ஒருத்தர்கிட்ட மனசைத் திறந்து பேசினேன். அதை நீங்க ஒட்டுக் கேட்டுட்டீங்க. தையல் வலியைவிட அதுதான் வலிக்குது. நடு வீதியில நிக்கற மாதிரி இருக்கு.”

“என்னை மன்னிச்சிடு.”

“மன்னிப்பு இருக்கட்டும். உங்களுக்கு என்ன தெரியணுமோ அதைக் கேளுங்க. இப்ப, என் முகத்தைப் பார்த்து, உங்க சொந்தக் குரல்ல. நான் பதில் சொல்றேன்.”

அவன் நிமிர்ந்தான். உதடு பிரிந்தது. அவள் கண்ணைப் பார்த்தான், நெற்றிக் கட்டைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். முதலாளியின் கண்கூடக் கெஞ்சியது: கேளுடா, ஒரே ஒரு வார்த்தை, கேட்டுத் தொலையேன்டா!

அவள் காத்திருந்தாள். நன்றாகவே அவகாசம் கொடுத்தாள்.

அவன் கேட்கவில்லை.

“வா அக்கா, போலாம்,” என்று அவள் எழுந்தாள். “மண்டபத்துக்குப் போய், கல்யாணம் இல்லன்னு நானே சொல்லிக்கறேன்.”