ஒபிஸ்போவின் எதிராளி

ஒபிஸ்போ மூன்று முறை தலையை ஆட்டினான். கண்ணாடிக்குள் இருந்தவன் நான்கு முறை ஆட்டினான்.

தோன்யா எத்தெல்வினா பப்பாளித் தட்டோடு படுக்கையறை வாசலில் நின்றிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லெயோன் நகரமே சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் குறட்டை விடும் நேரம். தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று முனகிக்கொண்டிருந்தது. கரும்புக்காடு எரிந்த சாம்பல் வாசனை ஜன்னல் வழியே வந்து நாக்கில் ஒட்டியது. அலமாரியின் ஆளுயரக் கண்ணாடி முன்னால், வாலையும் சேர்த்து அளந்தால் ஊரில் பாதி மருமகன்களைவிட நீளமான அந்த இகுவானா ஓணான், தாடைக்குக் கீழே தொங்கும் தோலை விசிறிபோல விரித்து, உடம்பெல்லாம் ஆரஞ்சு நிறம் ஏறிப்போய் நின்றிருந்தான். ஒரு தலையாட்டல் கூடுதலாகத் தெரிந்ததற்கு அவள் தன் கண் புரையைத்தான் திட்டினாள்.

தட்டை வைக்கக் குனிந்தாள். பாய்ந்து கையைக் கவ்வினான்.

குட்டியாக வந்த நாளிலிருந்து அவள் தோளில் உட்கார்ந்து ரேடியோ நாடகம் கேட்டு வளர்ந்தவன் அவன். உட்காரும் தோரணையைப் பார்த்தால் இப்போதே எழுந்து ஊரை ஆசீர்வதிப்பான் போலிருக்கும்; அதனால்தான் பிஷப் என்று அர்த்தம் வரும் அந்தப் பெயர். அவன் போட்ட கடிக்கு அவள் கணக்கில் நாற்பது தையல், ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏழு.

மகன் எவெனோர் தலைநகர் மனாகுவாவிலிருந்து போன் செய்தான்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை வரேன். அதுக்குள்ள அவன் அடங்கியிருந்தா சரி. இல்லேன்னா அவனை வெட்டித் தவக்காலச் சூப்புதான்."

"சட்டி பெருசா வாங்கிட்டு வா. உன் மாமியாரையும் சேர்த்தே வேகவைக்கலாம்."

"நான் விளையாடல."

அவனுக்கு விளையாடத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். முப்பது வருஷம் சந்தையில் வரி வசூலித்தவள் அவள். கசாப்புக் கடைக்காரர்கள் அவள் தலை தெரிந்தால் மாட்டை விட்டுவிட்டுத் தாங்களே தொங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். ஆனால் அந்த வீட்டில் அவளைத் தவிர மூச்சு விடும் ஜீவன் ஒபிஸ்போ ஒருவன்தான்.

கால்நடை டாக்டர் யாதிரா பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "ஜோடி தேடுற காலம், தோன்யா. கண்ணாடியில தெரியுற தன்னையே இன்னொரு ஆண்னு நினைச்சுக்குறான். அந்தக் கோபம் உங்க மேல வருது. கண்ணாடியை மூடுங்க. அவன் பாஞ்சா ஓடாதீங்க, நிமிர்ந்து நில்லுங்க. துண்டைப் போட்டு அமுக்கிப் பிடிங்க."

வெள்ளைப் படுக்கை விரிப்பை அலமாரி உச்சியில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். மறுநாள் பக்கத்து வீட்டு நிக்கோலாசா, திறந்திருந்த தெருக்கதவு வழியே வழக்கம்போல அழையாமல் வந்து, படுக்கையறையை எட்டிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யாரு செத்தா, கொமாத்ரே? ஒரு வார்த்தை சொல்லலையே. என் கறுப்புப் பாவாடை வேற அழுக்குல கெடக்கு."

"ஒருத்தரும் சாகல. ஒபிஸ்போவுக்குக் கோபம்."

"ஓணானுக்குக் கோபம் வந்தா சாவு வீடு மாதிரி கண்ணாடியை மூடுவியா? போன உயிரு வழி தவறி அதுக்குள்ள புகுந்துடக் கூடாதுன்னு மூடுறது அது. சாவு விழாத வீட்ல மூடினா..."

"மூடினா?"

நிக்கோலாசா யோசித்தாள். "தெரியல. யாரும் மூடினதில்லையே."

வைத்தியம் வேலை செய்தது, அவளைப் பொறுத்தவரை. ஒபிஸ்போ பாய்ந்தபோது தூண் மாதிரி நின்றாள். துண்டைப் போட்டு அமுக்கினாள். இரண்டே நாளில் அவள் கையிலிருந்து செம்பருத்திப் பூ வாங்கித் தின்றான். ஆனால் தின்று முடித்ததும் நகங்கள் தரையோட்டில் கிரீச்சிட நடந்து போய், மூடிய கண்ணாடி முன்னால் நின்றுகொண்டான். மூன்று முறை தலையை ஆட்டினான். காத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் மின்சாரம் போயிற்று. விசிறி நின்றது. காற்று ஒரு இலை அசையும் அளவுகூட இல்லை. ஆடும் நாற்காலியில் கண் சொருகிக் கிடந்தவள், துணி உரசும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

விரிப்பின் அடியில், ஒபிஸ்போவின் தலைக்கு நேராக, துணி புடைத்தது. அடங்கியது. புடைத்தது. நான்கு முறை.

துணிக்குப் பின்னால் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் மரம். மரத்துக்குப் பின்னால் சுவர். அங்கிருந்து எந்தக் காற்று வரும்? கேட்க ஆளில்லை. மகனிடம் சொன்னால் அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்பான். அவளுக்கு முதியோர் இல்லம், ஒபிஸ்போவுக்குச் சட்டி. ஆணியைப் பிடுங்க அவள் துணியவில்லை. துணி இருக்கும்வரை அதன் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை புடைப்பு அவள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. மத்தியானம் இடுப்பு. இகுவானா அவ்வளவு உயரம் நிற்காது. துணி உள்ளே இழுபட்டு, வெளியே உப்பி, மறுபடி இழுபட்டது. குளத்துச் சேறு காய்ந்த வாசனை அறையிலிருந்து கூடம்வரை வந்தது.

அந்தி சாயும் நேரம் படுக்கையறைக்குள் சண்டை மூண்டது. வால் சவுக்குமாதிரி அலமாரி மரத்தில் சுளீரென்று விழுந்தது. மறுபடி விழுந்தது. நகங்கள் துணியைக் கிழித்தன. சீறல். ஏதோ கனமாகத் தரையில் மோதியது.

பிறகு ஒன்றுமில்லை.

துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒபிஸ்போ உயிரோடுதான் இருந்தான். நான்கு காலும் பரப்பி, வயிற்றையும் தாடையையும் தரையோடு ஒட்டி, கண்ணை இறுக மூடிக் கிடந்தான். ஆரஞ்சு நிறம் முழுக்க வடிந்து சேற்று நிறமாகியிருந்தான். மாமரத்தடியில் இரண்டு ஆண் ஓணான்கள் மோதி முடித்ததும் தோற்றது இப்படிக் கிடப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

இத்தனை நாளும் அவன் சண்டை போட்டது தன் பிம்பத்தோடு இல்லை.

துணி புடைத்தது. அவள் முகத்துக்கு நேராக.

ஒன்று.

நிமிர்ந்து நின்றாள். ஓடவில்லை.

இரண்டு.

துண்டு கையிலிருந்து நழுவியது.

மூன்று.

முழங்கால் மடிந்தது. அவள் மடக்கவில்லை. உள்ளங்கை தரையைத் தொட்டது. பிறகு வயிறு. பிறகு கன்னம். தரை குளுகுளுவென்றிருந்தது. பக்கத்தில் ஒபிஸ்போவின் விலா விரைந்து விரைந்து ஏறி இறங்கியது. நாளைக்கு எவெனோர் வருவான். வீடு அடங்கியிருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆணி தெறித்தது. துணி சரிந்து விழும் சத்தம். பாரமான ஒரு கால் கண்ணாடிச் சட்டத்தைத் தாண்டித் தரையில் ஊன்றியது. அடுத்து இன்னொன்று. அவள் பிடரியின் மேல், காய்ந்து சொரசொரத்த தாடைத் தோல் ஒன்று மெல்ல விரிந்தது.