நாற்பத்திரண்டாம் தாள்

எண்ணி முடித்தபோது ஒரு தாள் அதிகமாக இருந்தது.

மறுபடி எண்ணினாள். விரல் நுனியை ஈரப் பஞ்சில் தொட்டு, தாளின் வலது மூலையை மட்டும் தூக்கி, உதடு அசையாமல். நாற்பத்திரண்டுதான். வெள்ளிக்கிழமை அவளே கையெழுத்துப் போட்ட பதிவேட்டிலோ 'நாற்பத்தொரு தாள்கள், எண்ணிச் சரிபார்த்தேன்' என்று இருந்தது. தாள் குறைந்தால் விசாரணை வரும், வேலை போகும், அதெல்லாம் அந்த அலுவலகத்தில் எல்லோரும் அறிந்த கதை. கூடினதாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

அரசாங்கத்தின் ரகசியக் கோப்புகளை வைக்கும் பதிவறையில் அவளுக்கு இது பதினோராவது வருடம். ஜன்னல் கிடையாது. ஒரு குழல் விளக்கு, அதன் ஓயாத முனகல், ஐந்து இரும்பு அலமாரிகள், துருவும் பழைய காகிதமும் முத்திரை மையும் கலந்த ஒரு வாடை. சாவிக்கொத்து எந்நேரமும் இடுப்பில் குலுங்குவதால் அங்கே அவளுக்குப் பூட்டக்கா என்றே பெயர். வருகிற ஒவ்வொரு தாளிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று 'மிக ரகசியம்' என்று சிவப்பு முத்திரை குத்துவாள், மூலையில் எண் பொறிப்பாள், எண்ணுவாள், பூட்டுவாள். படிக்க மட்டும் மாட்டாள். யார் படிக்கலாம் என்ற பெயர்ப் பட்டியல் கோப்பின் முகப்பில் ஒட்டியிருக்கும். அதில் பெயர் இல்லாதவர்களைப் பொறுத்தவரை உள்ளே இருக்கும் விஷயம் உலகத்திலேயே இல்லை. பதினோரு வருடத்தில் ஒரு வரி படித்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கண் தானாகவே மூலை எண்ணைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

கடைசித் தாள் மற்றவற்றைவிடச் சின்னதாக, கோடு போட்டதாக இருந்ததால்தான் கண் அதில் தங்கிவிட்டது. பேனாவால் எழுதியிருந்தது: 'உங்க பொண்ணுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துல படுக்க வச்சிருக்காங்களாம். உடனே வரச் சொன்னாங்க.'

அட, இதுவா! சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாசல் காவலரின் கோழிக் கிறுக்கல். பதிவறைக்குள் தொலைபேசி கூடாது என்பதால், அவசரம் என்றால் அவர் இப்படிச் சீட்டெழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுவார். வெள்ளிக்கிழமை இந்தக் கோப்புக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தபோதுதான் சீட்டு வந்தது. படித்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது. கை மட்டும் பழக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சீட்டை அடுக்கின்மேல் வைத்திருக்கிறாள், அதற்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று குத்தி, எண்ணும் பொறித்திருக்கிறாள். எண்ணாமலே, கோப்போடு வந்த முகப்புக் கடிதத்தில் இருந்தபடி நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டு ஓடியிருக்கிறாள். ஏழு வயது மகள், வீட்டில் வாண்டு என்று பெயர், ஒரே பிள்ளை. எந்தத் தாய்தான் நின்று எண்ணுவாள்?

கோப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். பட்டியலில் இருந்த மூன்று பெயர்களில் முதல் பெயர் பிரிவு அதிகாரியுடையது.

“சார், சின்னத் தப்பு நடந்துபோச்சு. இந்தக் கடைசித் தாள எடுத்துடலாமா?”

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். மூன்று வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. தாளைத் திருப்பினார். பின்பக்கமும் படித்தார்.

“எடுக்க முடியாதும்மா. முத்திரை விழுந்தாச்சு, எண்ணும் விழுந்தாச்சு.”

“அது வாசல்ல எழுதின சீட்டு சார்.”

“முத்திரை குத்தினது யாரு?”

அவள் தன் விரலில் இருந்த சிவப்பு மைக் கறையைப் பார்த்தாள். அதிகாரி தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, “காய்ச்சல் விட்டுடுச்சு, இருமல்தான் நிக்கல, இல்ல?” என்றார். “உங்க சுண்டுவிரலப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்குறா.”

அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் முகத்தைப் பார்த்த அதிகாரி சட்டென்று கோப்பை மூடினார்.

“இத நான் உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது” என்றார். “உங்க பேரு பட்டியல்ல இல்லையே.”

கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டும்போது உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. இரும்பில்லை, மையில்லை. இனிப்பும் கசப்புமான இருமல் மருந்து. தன் கையில்தான் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. கணவர் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாண்டு மூலையில், செருப்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“அம்மா, அப்பா என்கிட்ட பேசவே மாட்டேங்கிறாரு. எவ்வளவு கத்தினேன் தெரியுமா? என்மேல கோவமா?”

“என்னங்க இது, பிள்ளைக்குச் சாப்பாடு போடலயா?”

கணவர் நிமிர்ந்து பார்த்தார். விளையாடுகிறாளோ என்று உதட்டில் ஒரு சிரிப்பு. “எந்தப் பிள்ளைக்கு?”

வாண்டு இருமியது. அது அவர் காதில் விழவே இல்லை. மகளின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, சுவரில் தொங்கிய துண்டை எடுத்துக் கை துடைத்துக்கொண்டு போனார். துண்டின் நுனி பிள்ளையின் கன்னத்தில் உரசியது. அவள் பையைக் கீழே போட்டாள். பிள்ளையை வாரி எடுத்து மடியில் வைத்து ஊட்டினாள். கனமே இல்லை. மூன்று நாள் காய்ச்சல், இளைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று மனதை அதட்டினாள்.

மறுநாள் காலை பதிவறைக் கதவைச் சாத்தித் தாழிட்டு, பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு கோப்பைப் படித்தாள்.

சீட்டு நிறைந்திருந்தது. மூன்று வரிக்குக் கீழே பொடிப் பொடியாக எழுத்து, முன்னும் பின்னும், ஓரம் வரைக்கும். இடது காதுக்குப் பின்னால் மச்சம். விழுந்த பல்லைத் தீப்பெட்டியில் வைத்திருப்பது. இருட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பது. அவள் ஒரு வரியைப் படித்து அடுத்த வரிக்குப் போவதற்குள் முந்தின வரி நழுவியது. மச்சம் எந்தக் காதில்? திரும்பிப் போய்ப் படித்தாள். இடது. எந்தக் காது? பேனாவை எடுத்து மணிக்கட்டில் எழுதிக்கொண்டாள். வாண்டு. என் பொண்ணு. ஏழு வயசு. இடது காது.

அலமாரிக்குள் ஏதோ சுரண்டியது.

அதிகாரியின் மேசை முன்னால் போய் நின்றாள். கை கூப்பினாள்.

“அழிச்சிடலாம் சார். ரெண்டு கையெழுத்துப் போட்டா அழிக்கலாம்னு விதி இருக்கு. உங்க கையெழுத்து ஒண்ணு, என்னோடது ஒண்ணு.”

“அழிச்சா என்ன அழியும்னு யோசிச்சீங்களாம்மா?”

அவள் யோசித்தாள்.

“அப்போ என் பேரையாவது பட்டியல்ல சேருங்க. நான் அவளோட அம்மா சார்.”

“மேலிடத்துக்கு எழுதணும். காரணம் எழுதணும். காரணம் அந்தத் தாள்லதான் இருக்கு, அத வெளிய எழுத முடியாது.” அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கொடுமை. “நான் பாத்துக்கிறேன்மா. எனக்கு எல்லாம் தெரியுது. அவளுக்கு என்ன பிடிக்கும், எதுக்குப் பயப்படுவா, எல்லாம்.”

“எங்க சார் இருக்கா இப்போ? வீட்லதானே?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் வாசலில் காவலர் வழக்கம்போல் பையைத் துழாவினார். கையை நீட்டச் சொன்னார். மணிக்கட்டைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

“பூட்டக்கா, உள்ள எழுதினது எதுவும் வெளிய போகக் கூடாதே.”

“என் பொண்ணுய்யா. நீதானே சீட்டு எழுதிக் குடுத்த!”

“நானா?” காவலர் உண்மையாகவே யோசித்தார். “உங்களுக்குப் பொண்ணு இருக்கா?”

மேசையில் இருந்த ஈரப் பஞ்சை எடுத்தார். அவள் கையை இழுத்தாள். இன்னொரு காவலர் தோளைப் பிடித்துக்கொண்டார். “நான் என்னக்கா பண்றது, விதி” என்று சொல்லிச் சொல்லித் துடைத்தார். முதலில் காது போனது. பிறகு ஏழு. நீலம் மணிக்கட்டில் வழிந்து சொட்டியது. அவள் வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள். வாண்டு, வாண்டு, வாண்டு. தெருமுனையில் ஒரு வண்டி ஒலி எழுப்பியது. ஒதுங்கினாள். வாயில் இருந்த வார்த்தை எது?

வீட்டில் இரண்டு தட்டுகள் இருந்தன. சாப்பிட்டாள்.

“ஏன் அழுவுற?” என்றார் கணவர்.

கன்னத்தைத் தொட்டாள். ஈரம். “தெரியலங்க. கண்ணு எரியுது.”

படுத்தபோது சுண்டுவிரலில் மட்டும் ஒரு வலி. யாரோ வெகுநேரம் பிடித்திருந்து விட்டதுபோல.

புதன்கிழமை. பதிவறை. குழல் விளக்கு முனகியது. பூட்டைத் திறந்தாள். மருந்து வாடை. எலி மருந்தாக இருக்கும். கோப்பை எடுத்தாள். விரலை ஈரப் பஞ்சில் தொட்டாள். மூலையை மட்டும் பார்த்தாள். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. சின்னத் தாள், கோடு போட்டது. கண் எண்ணைப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

அதிகாரி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன.

“எண்ணிட்டீங்களாம்மா?”

“எண்ணிட்டேன் சார். நாப்பத்திரண்டு. வெள்ளிக்கிழம நாப்பத்தொண்ணுன்னு தப்பா எழுதியிருக்கேன், எப்படின்னே தெரியல. திருத்திடறேன்.”

திருத்தினாள். பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டாள். கோப்பை வைத்து அலமாரிக் கதவைச் சாத்தினாள். உள்ளே யாரோ இருமினார்கள்.

பிறகு பாட்டு. மெல்லிசாக, இருட்டில் நடக்கும்போது பாடுவதுபோல. பாட்டு நின்றது.

“அம்மா.”

இரும்பில் சின்னச் சின்னத் தட்டல். கீழ்த் தட்டிலிருந்து.

“அம்மா, நான் இங்க இருக்கேன். கதவத் திறம்மா.”

அதிகாரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பட்டியலில் பெயர் இல்லாத ஒருத்தி இதைக் கேட்டிருக்கக் கூடாது. பதினோரு வருடப் பழக்கம். முகத்தில் எதையும் காட்டாமல் சாவியை ஒருமுறை திருப்பினாள். இரண்டாம் முறை. கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள்.

நன்றாகவே பூட்டியிருந்தது.