ஒச்சப்பன் சட்டை

எழுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம் வண்டிப்பெரியாரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, சுருளிவேலுக்கு வேலை, வீடு, பெண்டாட்டி எல்லாம் ஒரே மூச்சில் கிடைத்திருந்தன. எல்லாமே செத்துப்போன ஒச்சப்பன் விட்டுப் போனவை. எஸ்டேட் முதலாளியின் சொந்த ஏரிக்கு ஒச்சப்பன்தான் வாச்சர். போன மழையில் காய்ச்சலில் போய்விட்டான். அவன் பெண்டாட்டி சாந்தம்மாளைக் கம்பம் ஊரில் வைத்து சுருளிவேலுக்குக் கட்டிவைத்தார்கள்.

ஏரிக்கரை வீட்டின் மூலையில் ஒரு தகரப்பெட்டி, பூட்டோடு இருந்தது.

"உள்ள என்ன?"

"அவரு சட்டை," என்றாள் சாந்தம்மாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

செத்தவன் சட்டைக்குப் பூட்டு! உயிரோடு இருக்கிறவன் சட்டையோ கதவு ஆணியில் அநாதையாகத் தொங்கியது. சுருளிவேலுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

ஏரியில் ரத்தம் உறிஞ்சும் அட்டையை ஒழிப்பதுதான் வேலை. சித்திரையில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் குளிக்க வருவார்கள். அதற்குள் முடிக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பால்பவுடர் டின்னில் வெளியிலிருந்து ஆணியடித்துத் துளை போட்டான். பிசிறு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். நுழைகிற அட்டைக்கு வாசல், திரும்புகிற அட்டைக்கு முள்வேலி. கோழிக்குடலை உள்ளே வைத்து மூடி, கயிறு கட்டித் தண்ணீரில் இறக்கினான். மறுநாள் தூக்கினால் குடல் அப்படியே இருந்தது. அட்டையெல்லாம் அவன் காலில் இருந்தது.

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன பெரியம்மாள் நின்று வேடிக்கை பார்த்தாள். "என்ன சுருளி, டின்னு அட்டைக்கா, உனக்கா? ஒச்சப்பன் வேர்வை வாடைக்கே அதுக நாய்க்குட்டி மாதிரி பின்னால வருமே!"

வேர்வை வாடையாம். சாந்தம்மாளும் அந்த வாடைக்காகத்தானே பூட்டி வைத்திருக்கிறாள்? பிணத்தோடு போட்டி போடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. எரிச்சல் அதைவிட நாலு படி அதிகம்.

அவள் தோட்டத்துக்குப் போனதும் பூட்டை உடைத்தான். உள்ளே ஒரு காக்கிச் சட்டை. அதில் பாசி நாற்றம். அதைக் குடலோடு சேர்த்து டின்னுக்குள் திணித்து, மூடியை அழுத்தி, ஏரியில் இறக்கினான்.

பட்டப்பகலில் மூடுபனி தண்ணீர்மேல் படிந்தது. தவளைகள் வாயை மூடிக்கொண்டன.

கயிறு இழுத்தது.

மீனாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மீன் இவ்வளவு நிதானமாக இழுக்காது.

இரண்டு கையாலும் தூக்கினான். டின் நிறைய அட்டை. கறுத்து, கொழுத்து, ரத்தம் குடித்து உப்பியவை. கோழிக்குடலில் ஒரு கடிகூட இல்லை.

சட்டையைக் காணோம்.

இருந்தாலும் வேலை முடிந்ததே! எல்லாவற்றையும் சுண்ணாம்பில் கொட்டிப் புதைத்துவிட்டு, சாயங்காலம் வந்த சாந்தம்மாளிடம் பீற்றிக்கொண்டான். "ஏரியில இனி ஒரு அட்டை கிடையாது. உன் ஒச்சப்பன் சட்டையத்தான் இரையாப் போட்டேன்."

அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "ஏங்க... அத வெளிய எடுத்தீகளா?"

"அவன்மேல அம்புட்டுப் பாசமா?"

"பாசத்துக்கா பூட்டுப் போடுவாக? பால்காரன்ட்டப் பேசுனதுக்கே என்னைய ஏரியில முக்குன ஆளு. செத்த பெறவும் அந்தச் சட்டை ஈரம் சொட்டச் சொட்ட எந் தலைமாட்டுல வந்து கெடந்துச்சு. மந்திரிச்சுப் போட்ட பூட்டுங்க அது."

சுருளிவேல் உடைந்த பூட்டைப் பார்த்தான். பொறாமையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தான், பாவம்.

"உன்ட்டக் கேட்டிருக்கணும் சாந்தா," என்றான். "பயப்படாத, நான் இருக்கேன்ல." சொல்லும்போதே பல் தந்தியடித்தது.

சித்திரையில் பிள்ளைகள் வந்து கும்மாளமாகக் குளித்தார்கள். ஒருவர் காலிலும் கடி இல்லை. முதலாளி அவன் தோளைத் தட்டினார். வேலை நிலைத்தது.

ஆனால் தினமும் விடியும்போது சாந்தம்மாள் சுவரோடு ஒட்டிக் கிடப்பாள். சுருளிவேல் வெறுந்தரையில் உருண்டு கிடப்பான். பாயின் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த அச்சாக ஈரம்.

மடங்கிய முழங்கால் அவள் பக்கம்.

முதுகு, சுருளிவேலுக்கு.