ரெம்பியா உலையை இடித்தவர்

"என் வீட்டுக்காரர் அந்த உலையை உடைக்கல, ஐயா," என்றாள் வேலாயி. "பதினெட்டு வருசமா அதுக்குக் காவல் இருந்தவரு. இரும்புக்காக உடைச்சு வித்துட்டாருன்னு தோட்ட மேனேஜர் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துட்டாரு."

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பரமேஸ்வரன் நிதானமாகக் கேட்டார். "எப்போது உடைந்ததாம்?"

"திங்கக்கிழமை ராத்திரியாம். அன்னைக்குக் காலையிலதான் மூவார்ல மக பிரசவம் முடிஞ்சு ரெண்டு பேரும் திரும்பினோம். மேனேஜரே கூப்பிட்டுப் பத்து நாள் லீவு குடுத்தாரு."

அது 1996. ரெம்பியா ஊருக்கு அப்பால், ரப்பர் மரங்களுக்கு நடுவே, வெள்ளைக்காரன் காலத்தில் கரி போட்டு இரும்பு உருக்கிய செங்கல் உலை அது. அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருந்தது. புதன்கிழமை பரமேஸ்வரனும் அவருடைய நண்பர், போட்டோக் கடைக்காரர் ஹாபிஸும் போனபோது வெறும் கற்குவியல்தான் கிடந்தது.

மேனேஜர் தம்புசாமி காரைவிட்டு இறங்கவே இல்லை. "இந்தக் கரிக் குப்பைக்கு ஒரு விசாரணையா, இன்ஸ்பெக்டர்? திங்கள் சாயங்காலம் முழுசா நின்னதை என் கண்ணால பார்த்தேன். காவல்காரப் பயல்! இந்தக் கூட்டத்துக்குத் திருட்டைத் தவிர என்ன தெரியும்?"

பரமேஸ்வரன் கற்குவியலை நெருங்கினார். குனிந்து ஒரு செங்கல்லைப் புரட்டினார். அடியில் புல் நசுங்கி, மஞ்சளாக வெளுத்திருந்தது. இன்னும் நான்கைந்து கற்களைப் புரட்டினார். எங்கும் அதே நிறம்.

"படம் எடு, ஹாபிஸ்."

"புல்லையா அண்ணே? இரும்பைத் தேடுவோம் லா!"

"புல்லைத்தான்."

மறுநாள் தோட்ட ஆபீஸில், சார்ஜன்ட், தம்புசாமி, வேலாயி எல்லோர் முன்னாலும், படங்களை மேசைமேல் பரப்பினார்.

"ஒன்றரை நாளில் புல் இப்படி வெளுக்காது. ஒரு வாரமாவது கல்லுக்கு அடியில் கிடந்திருக்க வேண்டும். அப்படியானால் உலை இடிந்தது போன வாரம். வேலாயியின் கணவர் பிச்சைமுத்து அப்போது மூவாரில். லீவு கொடுத்து அனுப்பியவர் நீங்கள். விழுந்து கிடந்த உலையைத் திங்கட்கிழமை முழுசாகப் பார்த்தவரும் நீங்கள்தான்."

"எதுக்கு அண்ணே இடிச்சாரு?" ஹாபிஸால் பொறுக்க முடியவில்லை.

"சின்னம் நிற்கும்வரை அந்த நிலத்தை வீடு கட்ட விற்க முடியாது."

தம்புசாமி படங்களை ஒதுக்கித் தள்ளினார். "வெறும் பழைய செங்கல், இன்ஸ்பெக்டர்! அதுக்குப் போய் ஒரு மனுஷனை உள்ளே தள்ளுவாங்களா?"

"இரண்டு நாளாக ஒரு மனுஷன் உள்ளேதான் இருக்கிறார்."

சார்ஜன்ட் எழுந்தார். தம்புசாமி அவசரமாக வேலாயியைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த மூஞ்சிக்காகவா எங்க வீட்டுக்காரர் இத்தனை வருசமா, காரு வரும்போதெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கி மரியாதையா நின்னாரு?"

பதிலுக்குக் காத்திராமல், கணவரைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.